ஒன்பதாம் வகுப்பிலும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள்: பள்ளியில் ‘படிப்படியான கூடுதல் உதவி’ எப்படி நடக்கிறது?

அரும்பு, மொட்டு, மலர், திறன்... பெயர்கள் பல. மாதனூர் போன்ற ஊர்களில் ஒரு பிள்ளை படிப்பைத் தொடருமா, வேலைக்குப் போகுமா என்பதை இந்த உதவி எப்படித் தீர்மானிக்கிறது? எளிய விளக்கம்.

எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பு முடிந்த கையோடு என்ன நடக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வயது சுமார் 14. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ‘ஃபெயில் ஆக்கக் கூடாது’ என்ற விதியும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் எந்த வேலையுமே செய்யக் கூடாது என்ற முழுத் தடையும் 14 வயதுக்குக் கீழேதான். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஆக, ஒரு பிள்ளையைப் பள்ளிக்குள் பிடித்து வைத்திருக்கும் மூன்று சட்டக் கயிறுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தளர்கின்றன.

அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை என்றால்?

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது மாதனூர். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தலைமையிடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியின் நடுவே இருக்கும் ஊர். இந்தப் பக்கத்தில் படிப்பு கசந்துபோன பிள்ளைக்கு ‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கான பதில் தெருமுனையிலேயே வந்து நிற்கும், ஷூ கம்பெனி பஸ் வடிவத்தில். அந்த வேலையில் எந்தக் கேவலமும் இல்லை. பல ஆயிரம் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதுதான் சோறு போடுகிறது. ஆனால் ஒரு பிள்ளை விரும்பி அங்கே போவது வேறு. “எனக்குப் படிப்பு வராது” என்று முடிவுகட்டிக்கொண்டு போவது வேறு.

அந்த முடிவைத் தடுக்கத்தான் ‘படிநிலை ஆதரவு’ என்று கல்வித் துறையில் சொல்லப்படும் முறை.

படிநிலை ஆதரவு என்றால் என்ன?

சளி பிடித்த எல்லோரையும் நாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லை. முதலில் வீட்டு வைத்தியம். சரியாகவில்லையா, ஆரம்ப சுகாதார நிலையம். அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட மருத்துவமனை. படிப்பிலும் அதே யோசனைதான்.

முதல் படி, வகுப்பில் உள்ள எல்லோருக்கும். ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவது, அடிக்கடி சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்ப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

இரண்டாம் படி, பின்தங்கியவர்களுக்கு. சிறு குழுவாக, தனி நேரத்தில், தனிப் பயிற்சிப் புத்தகத்தோடு. ஏழாம் வகுப்புப் பாடத்தையே மெதுவாக மறுபடி நடத்துவதில்லை. பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனதோ, அந்த இடத்திலிருந்து தொடங்குவது.

மூன்றாம் படி, அதிலும் தேறாத சிலருக்கு. ஒருவருக்கு ஒருவராகக் கவனிப்பு. கண் பார்வை, காது, கற்றல் குறைபாடு என்று காரணத்தைத் தேடிப் பார்ப்பது.

அமெரிக்காவில் 2000-களில் இந்த மூன்று படி முறை பரவலாக வேரூன்றியது. ‘பிள்ளை தோற்கும்வரை காத்திருக்காதே, தடுமாறும்போதே பிடி’ என்பதுதான் அதன் அடிப்படை.

‘எங்கே நின்றுபோனது’ என்று எப்படித் தெரியும்?

ஒரு உதாரணம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 52-இல் இருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடை தப்பு. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவள் சும்மா ஒரு எண்ணை எழுதவில்லை. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள், அவ்வளவுதான். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ அவளுக்குப் புரியவே இல்லை. அது ஆரம்ப வகுப்புப் பாடம்.

அங்கே நிற்கும் அவளிடம் பின்னத்தையும் இயற்கணிதத்தையும் தினமும் நடத்திக்கொண்டே போகிறோம். அவளும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். நோட்டு சுத்தமாக இருக்கிறது. நான்கு வருடம் யாருக்கும் தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க நீளமான தேர்வு தேவையில்லை. பிரதம் அமைப்பு பயன்படுத்தும் வாசிப்புச் சோதனை ஒரு தாளில் அடங்கும். எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதை. பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் நிலை தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இது எங்கே இருக்கிறது?

நமக்கு இது புதிதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாய், தாழ்வான கரும்பலகை, அட்டைகள், ‘ஏணிப்படி’. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம். பின்னர் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதை முன்னின்று நடத்தியவர் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார். அவர் அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர். வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களுக்கான பள்ளிகளில் கிடைத்த அனுபவம்தான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. அந்த வகையில், இந்த யோசனைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு.

அதன் பிறகு வந்தவை:

• இல்லம் தேடிக் கல்வி: 2021 அக்டோபரில் தொடக்கம். கொரோனா காலத்தில் விட்டுப்போனதை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே நடத்திய வகுப்புகள். 1 முதல் 8 வரை.

• எண்ணும் எழுத்தும்: 2022 ஜூனில் தொடக்கம். முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில். அடிப்படையிலேயே நிற்பவர் அரும்பு, வகுப்புக்குரிய நிலையை எட்டியவர் மலர்.

• திறன்: 2025-26 கல்வியாண்டில் வந்தது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கியவர்களைக் கண்டறிந்து, தனிப் பயிற்சிப் புத்தகத்தோடு கற்பிப்பது.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்று கயிறுகளை நினைவில் வைத்துப் பார்த்தால், ‘திறன்’ ஏன் ஒன்பதாம் வகுப்பு வரை போகிறது என்பது புரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பிள்ளையைப் பிடித்து நிறுத்தக் கிடைக்கும் கடைசி வருடம் அது.

நிலைமை அவ்வளவு மோசமா?

கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் ஏசர் ஆய்வு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது என்று பார்க்கிறது. இந்திய அளவில் 2018-இல் 50.5 சதவீதம், 2022-இல் 42.8, 2024-இல் 48.8. அதாவது, கொரோனாவுக்கு முன்பே பாதிப் பேர்தான். தமிழ்நாட்டில் 2018-இல் 40.7 சதவீதமாக இருந்தது 2022-இல் 25.2 ஆகச் சரிந்தது. 2024-இல் கணிசமாக மீண்டது.

இந்த ஆய்வு முறையை மாநில அரசு ஏற்றுக்கொள்வதில்லை. 3, 5, 8ஆம் வகுப்பு மாணவர்களிடையே மாநிலத் திட்டக்குழு 2025-இல் தனியாக ஓர் அடைவு ஆய்வு நடத்தியது. எந்த ஆய்வு சரி என்ற சண்டை ஒருபுறம் நடக்கட்டும். ‘திறன்’ போன்ற திட்டம் தேவைப்பட்டதே, உயர்நிலை வகுப்புகள்வரை இந்த இடைவெளி போகிறது என்பதற்கு அரசே தரும் ஒப்புதல்தான்.

தோல் தொழில் பகுதியில் என்ன வித்தியாசம்?

மூன்று விஷயங்கள்.

ஒன்று, நேரம். அப்பா டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில் என்றால் காலையில் போனவர்கள் இருட்டும்போதுதான் வீடு திரும்புவார்கள். சில வீடுகளில் அம்மா வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பார். ஜோடிக் கணக்கில் கூலி என்பதால் கை ஓயாது. “ஹோம்வொர்க்கை வீட்டுல பாத்துக்கோங்க” என்று பள்ளி சொன்னால், பார்க்க ஆள் இல்லை. அதனால் இரண்டாம் படி உதவி பள்ளி நேரத்துக்குள்ளேயே கிடைத்தால்தான் உண்டு.

இரண்டு, மொழி. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம், தெலுங்கு பேசுவோரும் உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தமிழ் ஒரு பாடம். வீட்டில் உருது பேசும் பிள்ளை தமிழ்ப் பத்தியில் திணறினால், அதை ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதிவிடுவது சுலபம். அந்தப் பிள்ளை உருதுவில் சரளமாக வாசிக்கலாம், கணக்கில் கெட்டியாக இருக்கலாம். அதற்கு வேண்டியது இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்றுத்தரும் வழி. அகர வரிசையை நூறு முறை எழுதவைப்பது அதற்குத் தீர்வாகாது.

மூன்று, அவசரம். படிப்பை விட்டவுடன் சம்பளம் கைக்கு வரும் வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று ஒத்திப்போட இங்கே நேரம் குறைவு.

இது பலன் தருமா?

தந்திருக்கிறது, சில நிபந்தனைகளோடு.

2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் ஒரு பரிசோதனை நடந்தது. 3, 4ஆம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைச் சுமார் 15, 20 பேர் கொண்ட குழுவாக, தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து உள்ளூர்ப் பெண் ஒருவர் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார். மதிப்பெண்கள் தெளிவாக ஏறின. அந்த ஆய்வாளர்களில் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

அடுத்த கதைதான் முக்கியம். இதே முறையை பிஹாரில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, புத்தகமும் கொடுத்து, வழக்கமான பள்ளி நாட்களில் செய்யச் சொன்னபோது பலன் இல்லை. ஆனால் அதே மாநிலத்தில் அரசு ஆசிரியர்களே கோடைக்கால முகாமில் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். பள்ளி நாட்களில் ‘போர்ஷன்’ முடிக்கும் ஓட்டத்தில் அதற்கு இடமே கிடைக்கவில்லை.

2012-13-இல் ஹரியாணாவில் இதைச் சரிசெய்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பைக் கலைத்து, பிள்ளைகளை நிலைவாரியாக உட்காரவைத்தார்கள். மேற்பார்வையாளர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். வாசிப்பு மேம்பட்டது.

தமிழ்நாட்டிலும் சான்று இருக்கிறது. கிராமப்புறச் சிறுபிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் கொரோனா கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

2015-இல் அமெரிக்காவில் வெளியான அரசு ஆய்வு ஒன்று பலரையும் அதிரவைத்தது. முதல் வகுப்பில் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு மயிரிழையில் கீழே போனதால் கூடுதல் உதவிக் குழுவில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், மயிரிழையில் மேலே இருந்ததால் சேர்க்கப்படாத பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். உதவியே பின்னுக்கு இழுத்துவிட்டதா? தேவையில்லாத பிள்ளைக்கு உதவி போயிருக்கலாம், பொருந்தாத உதவி போயிருக்கலாம், அந்த நேரத்தில் வகுப்பில் நடந்த நல்ல பாடத்தைப் பிள்ளை தவறவிட்டிருக்கலாம்.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஜூலையில் ஒரு தேர்வு. அதில் குறைந்தவர் பட்டியலில். பட்டியலில் ஏறியவர் ஏப்ரல்வரை அங்கேயே. சக மாணவர்கள் வாயில் அது ஒரு பட்டப்பெயர் ஆகிவிடும். “டேய், நீ அந்த பேட்ச்தானே” என்று ஒருவன் கேட்டால் போதும், மறுநாள் பள்ளிக்கு வர மனசு வராது. ‘மெல்லக் கற்போர்’ என்பதை ‘மெல்ல மலர்வோர்’ என்று மாற்றினாலும், பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியும்.

ஆகவே, எத்தனை பேரைப் பட்டியலில் சேர்த்தோம் என்பதைவிட, எத்தனை பேரைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்தோம் என்பதுதான் இந்தத் திட்டத்துக்கான உண்மையான மதிப்பெண். அதற்கு ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது சின்னச் சோதனை வேண்டும். வாசிப்பில் தேறியவர் அன்றே வாசிப்புக் குழுவை விட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும், கணக்கில் அவர் இன்னும் குழுவில் இருந்தாலும்கூட.

இன்னொரு சிக்கல், ஆசிரியரின் நேரம். எண்ணும் எழுத்தும் வந்தபோதே, செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்தன. சோதனை என்பது அடுத்த நாள் என்ன நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். மேலே அனுப்புவதற்கான எண்ணாக மட்டும் அது மாறிவிட்டால் வகுப்பறையில் எதுவும் மாறாது.

பேசாமல் ஃபெயில் ஆக்கிவிட்டால் என்ன?

வீட்டுத் திண்ணை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை கேட்கும் கேள்வி இது. “எல்லாரையும் பாஸ் போட்டா எப்படிப் படிப்பாங்க?”

2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கான விதியை மாற்றியது. 5, 8ஆம் வகுப்பில் மறுதேர்விலும் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்பதையே தொடர்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டது.

நிறுத்திவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத அந்த மாணவியை எட்டாம் வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்தால், அதே எட்டாம் வகுப்புப் பாடம்தான் மறுபடி நடக்கும். அவள் நின்ற இடத்துக்கு யாரும் இறங்கி வரப்போவதில்லை. தோல் தொழில் பகுதியில் ஒரு வருடம் வீணானால், அடுத்த வருடம் அவள் பள்ளியில் இருப்பாள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதே சமயம், மறுதரப்பின் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூடுதல் உதவி ஒழுங்காக நடக்காமல் தேர்ச்சி மட்டும் கொடுத்தால், பிரச்சினையை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டதாகத்தான் ஆகும். ‘ஃபெயில் இல்லை’ என்ற கொள்கையைக் காப்பாற்றப்போவது இரண்டாம் படிதான்.

மூன்றாம் படி யாருக்கு?

நன்றாகப் பேசுகிறான், கேட்டால் பதில் சொல்கிறான், ஆனால் எழுத்துகள் கண் முன்னே குழம்புகின்றன என்றால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. உரிய சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே கேட்கலாம். அதற்கும் முன்னால் கண் பரிசோதனை. கடைசி பெஞ்சில் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ‘மக்கு’ என்று பெயர் வாங்கியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அக்கா பிள்ளையோ தம்பியோ அரசுப் பள்ளியில் படிப்பவரா நீங்கள்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது “எத்தனை மார்க்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, இவற்றைச் செய்து பாருங்கள்.

1. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கும் கழித்தல் ஒன்று, எளிய வகுத்தல் ஒன்று கொடுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாக.

2. தடுமாறினால் திட்டாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிள்ளை இப்போது எந்த நிலையில்? தனிப் பயிற்சிக்குத் தினமும் எந்த நேரம்? அடுத்த சோதனை எப்போது?

4. பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் கம்பெனி ஷிஃப்ட் நேரத்தில் வந்தால், நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

5. சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளை படிப்பை விட்டு வேலைக்கு அனுப்பப்படுவதாகத் தெரிந்தால் 1098.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால், குறையைச் சரிசெய்ய மூன்று வருடம் கையில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கண்டுபிடித்தால் சில மாதங்கள்தான் மிச்சம்.